கூட யாரு வந்திருக்காங்க?

இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர் எழுதினால் ஜனங்கள் உட்கார்ந்து படிப்பார்கள். ஒரு கடைவாய்ப் பல்லுக்காக அலைந்தவன் எழுத வந்தால் சிரிப்புத்தான் வரும். என் கூடப் பிறந்த தம்பிக்கே வந்தது. இருந்தாலும் எழுதுகிறேன். இதே வேலைக்காக என்னைப் போல ஒண்டியாகக் கிளம்பப் போகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஊசி, ஸ்கேன், டிரில் பற்றியெல்லாம் அவர்களுக்கு டாக்டர் சொல்லிவிடுவார். கவுண்டரில் கேட்கிற ஒரு கேள்விக்கு மட்டும் வீட்டிலேயே பதில் தயார் செய்துகொண்டு போங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. கைப்பழக்கத்தில் எங்கள் என்று எழுதிவிட்டேன். என் வீடு. என் சம்சாரம் சரோஜா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கவிதா கல்யாணமாகி பிரான்சில் இருக்கிறாள். நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரும்பில் துளை போட்டு, ஸ்க்ரூ ஏறுவதற்கு மரை வெட்டுகிற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன்.

இடது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லை, கவிதா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே பிடுங்கியாயிற்று. சொத்தை. மதிய சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடியே திரும்பி வந்து மிஷினில் நின்றேன். "அந்த எடத்துல ஒரு பல்லு கட்டிக்கயேன்" என்று சரோஜா சொல்லாத வருஷம் கிடையாது. வலது பக்கம்தான் இருக்கிறதே என்று நானும் காலத்தை ஓட்டிவிட்டேன். அத்தனை வருஷமும் இரண்டு பக்கத்து வேலையையும் ஒரே ஆளாகப் பார்த்த வலது பக்கப் பல், போன வருஷம் ஒரு முறுக்கைக் கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துகொண்டது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் மெல்ல வாயில் இடமே இல்லை. சோற்றைக் குழைய வடித்து ரசத்தை ஊற்றி விழுங்கினேன். தனி ஆள் சமையலில் ருசி ஏற்கனவே பாதிதான். மெல்லவும் முடியாது என்று ஆனபிறகு சாப்பாட்டு வேளை வந்தாலே எரிச்சல் வந்தது. சட்டை தோளை விட்டுத் தொங்க ஆரம்பித்தது. வீடியோவில் பார்த்த கவிதா, "என்னப்பா இப்படி எளைச்சிட்ட?" என்று அழுதாள். அன்று ராத்திரிக்கு அங்கே இருந்தபடியே செல்போனில் என்னத்தையோ அழுத்தி என் வாசலுக்கு இடியாப்பம் வரவழைத்தாள். நான் தின்று முடிக்கிறவரை போனை வைக்கவில்லை.

டவுனில் பெரிய மார்க்கெட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடியில் இருக்கிறது. டாக்டர் என் மகள் வயதுப் பெண். முதலில் ஸ்கேன். ஒரு மேடையில் தாடையை வைத்து நிற்கச் சொன்னார்கள். பெட்டி ஒன்று தலையைச் சுற்றிப் பொறுமையாக வலம் வந்தது. வலி ஒன்றும் இல்லை. படத்தைத் திரையில் காட்டி டாக்டர் விளக்கினார். இடது பக்கம் பல் இருந்த இடத்தில் எலும்பு இளைத்துப் போயிருந்தது. பக்கத்துப் பல் அந்தக் காலி இடத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

"ஏம்மா, எலும்பு எப்படிம்மா இளைக்கும்?"

"மெல்றப்ப அழுத்தம் விழுந்துக்கிட்டே இருந்தாத்தான் ஐயா எலும்பு எலும்பா இருக்கும். பல்லு போயிட்டா அதுக்கு வேலை இல்ல. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும்."

ரிட்டயர் ஆனவனிடம் சொல்கிற பேச்சா இது! ஆனால் அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. அந்த இடது பக்கத்து எலும்பில் துளை போட்டு டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த சின்ன ஸ்க்ரூவை இறக்குவார்கள். எலும்பு மெலிந்த இடத்தில் எலும்புத் தூளை வைத்து அடைத்துத் தைப்பார்கள். சில மாதங்களில் எலும்பு வளர்ந்து ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் அதன் தலையில் பல்லை மாட்டுவார்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான். சர்க்கரை வியாதிக்காரன் என்பதால் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். அது தேவலை என்று வந்தது. பில்தான் தேவலை என்று வரவில்லை. ரிட்டயர் ஆகிறவரைக்கும் ஸ்க்ரூவைக் கிலோக்கணக்கில் பார்த்தவன் நான், நகக்கண் அளவு ஸ்க்ரூவுக்கு இவ்வளவா என்று வாயைப் பிளந்தேன். டாக்டருக்கு வாய் பார்க்க அது வசதியாக இருந்தது.

பணம் கட்டப் போனபோதுதான் கவுண்டர்ப் பெண் கேட்டது.

"ஆபரேஷன் அன்னிக்கு அட்டெண்டர் ஒருத்தர் வெளியில உட்காரணும் ஐயா. இன்னிக்கு கூட யாரு வந்திருக்காங்க?"

சுற்றிலும் பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஜோடி நாற்காலி மாதிரி, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒருவர் கூட இருந்தார். பல் கூசுகிறது என்று வந்த காலேஜ் பையனுக்கு அம்மா, அத்தை, மாமா என்று ஒரு பட்டாளமே. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் யாரும் இல்லை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"தம்பி வந்திருக்கான். கீழ வண்டி நிறுத்திட்டிருக்கான்."

"அவரு நம்பர் சொல்லுங்க."

வாயில் வந்த நம்பரைச் சொன்னேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர் சரோஜாவுடையதுதான். கேஸ் சிலிண்டர் அந்த நம்பரில்தான் பதிவாகியிருக்கிறது. அதனால் அந்த போனுக்கு இன்னும் பணம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஊருக்குச் சொல்கிற காரணம் இது. சிலிண்டர் நம்பரை மாற்ற ஒரு நாள் வேலைதான்.

தேதியை நானே கேட்டு வாங்கினேன். அமாவாசை. நம் பக்கத்தில் எதை ஆரம்பிப்பதானாலும் அமாவாசை நல்ல நாள். அதோடு அன்றைக்கு சரோஜாவுக்குப் படைத்துவிட்டுப் போனால் அவள் அத்தனை வருஷம் சொன்ன காரியத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போன மாதிரி இருக்கும் என்று ஒரு நினைப்பு.

காலையில் குளித்து, சாதம் வடித்து, சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் செய்து படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைத்தேன். காக்காய் எடுத்தால்தான் நான் சாப்பிடலாம். சர்க்கரை மாத்திரையை மட்டும், நேரம் தவறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மதித்து, எழுந்ததும் போட்டுக்கொண்டேன். புத்திசாலித்தனத்தில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

"கா... கா..." என்று கூப்பிட்டேன். எதிர்வீட்டு டேங்க் மேல் மூன்று காக்காய்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஒன்றும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட அம்மாளும் எனக்காக இரண்டு குரல் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். வெயில் ஏறியது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று. அவள் எடுக்காத சோற்றை நான் எப்படி எடுப்பது? அப்படியே கதவைப் பூட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறினேன்.

அட்டெண்டர் நம்பர்தான் எழுதியிருக்கிறதே என்று கவுண்டரில் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டார்கள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தபோதே உள்ளங்கை வேர்த்தது. பயம் என்று நினைத்தேன். மரத்துப்போகிற ஊசியை எடுக்கிறார்கள், எனக்குக் கை நடுங்குகிறது, விளக்கு இரண்டாகத் தெரிகிறது, டாக்டர் பேசுவது எங்கோ பக்கத்து வீட்டில் கேட்கிறது. அதற்கப்புறம் நர்ஸ் விரலில் குத்தியதும் வாயில் குளுக்கோஸ் தண்ணீர் இறங்கியதும்தான் ஞாபகம்.

"மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம வந்திருக்காரு. சுகர் ரொம்ப இறங்கிடுச்சு. அட்டெண்டரைக் கூப்பிடுங்க!"

வெளியே கவுண்டர்ப் பெண் போனில் நம்பரைப் போட்டது. உள்ளே என் பக்கத்தில், ஸ்டூல் மேல் வைத்திருந்த என் மஞ்சப்பையில் போன் அடித்தது.

சரோஜாவின் போன், எங்கே போனாலும் என் பையில்தான் இருக்கும். அவள் வைத்துவிட்டுப் போன அதே அம்மன் பாட்டு. சத்தமாக அடித்தது. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். நர்ஸ் பையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தது. கவுண்டர்ப் பெண் போனைக் காதில் வைத்தபடியே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது.

"ஐயா, இது யாரு நம்பர்?" என்றார் டாக்டர்.

"என் சம்சாரம்."

"அவங்க எங்க இருக்காங்க? வரச் சொல்லலாமா?"

"இல்லைம்மா. அவ இப்ப இல்ல."

கவுண்டர்ப் பெண் தன் போனை அணைத்தது, பாட்டு பாதியில் நின்றது. அவமானம் என்றால் அதுதான். குளுக்கோஸ் ஏறி உடம்பு தெளியத் தெளிய அவமானமும் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஸ்க்ரூ போட எனக்கு ஒண்ணும் இல்ல ஐயா. இன்னிக்கு மாதிரி பஸ்ல ஆச்சின்னா? ஒருத்தர் கூட இல்லாம நான் பண்ணவே மாட்டேன்" என்றார். இட்லி வாங்கிவரச் சொல்லி, சாப்பிட வைத்து, வெளியில் உட்கார வைத்தார்கள்.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பளபளவென்று துடைத்த கருப்பு ஷூ. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த ஜாதி என்று பார்த்தாலே தெரிந்தது. உள்ளே நடந்தது முழுக்க அவருக்கும் கேட்டிருக்கிறது.

"தனியாளா முசே?" என்றார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

"ஆமாங்க."

"நானும்தான். லூயின்னு பேரு. எனக்கு மேல் பல்செட்டு நிக்க மாட்டேங்குது, பேசறப்பவே கழண்டுக்குது. ரெண்டு ஸ்க்ரூ போடணுமாம். இருதயத்துல ஸ்டெண்ட் வேற இருக்கு. இந்தப் பொண்ணு என்கிட்டயும் அதே பாட்டுதான். ஆளைக் கூட்டிட்டு வான்னு. பசங்க மூணு பேரும் பிரான்ஸ்ல. நான் எங்க போறது ஆளுக்கு? அதான் வியாழக்கிழமையானா வந்து சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன். ஏசி நல்லா இருக்கு."

சொல்லிவிட்டுக் குனிந்து ஷூவைக் கைக்குட்டையால் துடைத்தார். "ஒண்ணு பண்ணலாமா? உங்களுக்கு நான் உட்காரறேன். எனக்கு நீங்க உட்காருங்க."

எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஆளிடம் இரவல் வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டேனா என்று இருந்தது. "தம்பி இருக்கான், பாக்கறேங்க" என்று எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மொட்டைமாடிக்கு ஏறினேன். இலை காலியாக இருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. நான் போனபிறகு வந்து சாப்பிட்டிருக்கிறாள். உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான், எங்கே கிளம்பினாலும் பஸ் போனபிறகுதான் புடவை மடிப்பு முடியும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இறங்கிப் போய்விட்டார்.

விழுப்புரத்தில் இருக்கிற தம்பிக்குப் போன் போட்டேன்.

"பல்லுக்கா அண்ணே?" சிரித்துவிட்டான். "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். இப்ப அறுப்பு நேரம், ஆளு கெடைக்கல. அடுத்த மாசம் பாப்போம்ண்ணே."

அவன் மேல் தப்பில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஹார்லிக்சும் ஆப்பிளுமாக வந்து நிற்கிற ஜனங்கள்தான் நம் ஜனங்கள். பல்லுக்கு அந்த மரியாதை கிடையாது. கவிதாவிடம் பேச்சு வாக்கில் சொன்னேன். "நான் டிக்கெட் போடட்டாப்பா?" என்றாள். ஒரு பல்லுக்காக அவள் வேலையையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வருவதா? "சித்தப்பா வரேன்னுட்டான்மா" என்றேன். இரண்டாவது தடவையாக என் தம்பியை வராத இடத்துக்கு வரவழைத்தேன்.

இரண்டு நாள் மறுபடி ரசம் சாதம். மூன்றாவது நாள் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். சொல்தாவின் போன் நம்பர்கூட வாங்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமை வரட்டும் என்று காத்திருந்து, ஆஸ்பத்திரிக்குப் போனேன். படி ஏறும்போது, வந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேதான் ஏறினேன். அதே நாற்காலியில் அதே ஷூவோடு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி வரலயா?" என்றார்.

"வரலைங்க."

"வர மாட்டாரு. என் தம்பியும் வரல." நாற்காலியைக் கையால் தட்டி உட்காரச் சொன்னார்.

அடுத்த வாரம் ஆபரேஷன். இந்தத் தடவை சொல்தா காலையிலேயே போன் செய்து, "சாப்பிட்டாச்சா? என்ன சாப்பிட்டீங்க? எத்தனை இட்லி?" என்று விசாரணை நடத்திவிட்டுத்தான் கிளம்ப விட்டார். எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். கவுண்டர்ப் பெண் அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"நீங்க அவருக்கு என்ன வேணும் ஐயா?"

"அடுத்த டோக்கன்" என்றார் சொல்தா.

ஆபரேஷனை உள்ளது உள்ளபடி சொல்கிறேன், பயப்பட வேண்டாம். ஊசி குத்துகிற வலி ஒன்றுதான் வலி. உதடு தடித்துத் தொங்குகிற மாதிரி ஆகிவிடும். ஈறைக் கீறுவது தெரியாது. டிரில் எலும்பில் இறங்கும்போது வலிக்காது, ஆனால் மண்டைக்குள் சத்தம் கேட்கும். சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். நாங்களும் இரும்பில் துளை போடும்போது அப்படித்தான் செய்வோம். சின்னத் துளை, அப்புறம் கொஞ்சம் பெரியது, அப்புறம் மரை. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்ததால் பயம் கொஞ்சம் குறைந்தது என்று சொல்லலாம். முழுக்க உண்மை அதுவல்ல. அந்த அறைக் கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி உண்டு. கண்ணைக் கீழே இறக்கினால் அது வழியாக வெளியே இரண்டு கருப்பு ஷூ தெரிந்தது. டிரில் ஓடிய நேரமெல்லாம் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவில்லை.

கன்னத்துக்கு ஐஸ் வைக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி ஐஸ் தீர்ந்துவிட்டிருந்தது. சொல்தா விடுவிடுவென்று இறங்கிப் போய், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற பெண்களிடம் கேட்டு, கவரில் ஐஸ்கட்டி வாங்கி வந்தார்.

"காசு வாங்க மாட்டேனுட்டாங்க. யாருக்குன்னு கேட்டாங்க. நம்ம ஆளுக்குன்னேன்."

தவளக்குப்பம் வரைக்கும் ஆட்டோவில் கூடவே வந்தார். பாதி மரத்த கன்னத்தில் ஐஸ். வழியெல்லாம் வஞ்சிரம் வாசனை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் வாய் வரவில்லை. என் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டு, வலிக்குதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்புறம் எலும்பு பிடிக்கிற மாதங்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். வலது பக்கத்துக்கு ஒரு கழற்றி மாட்டுகிற பல் கொடுத்தார்கள், அதை வைத்துச் சமாளித்தேன். ஏதோ ஒரே ஆபரேஷனில் சிநேகிதம் வளர்ந்து ஓகோவென்று ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவருக்கும் எனக்கும் பேச அதிகம் ஒன்றும் கிடையாது. எப்போதாவது போன் செய்வார். "ஸ்க்ரூ எப்படி?" என்பார். "இருக்குதுங்க" என்பேன். வைத்துவிடுவார். மற்ற நேரமெல்லாம் வீடு பழைய வீடாகவே இருந்தது. மின்விசிறிச் சத்தம், பால்காரர் மணி, சாயங்காலம் போனில் கவிதா. நாக்கு நுனியால் ஈறைத் தடவிப் பார்ப்பேன். உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு துணையாக இருந்தது.

பிடித்துவிட்டது. ஸ்கேனில் பார்த்து டாக்டர் சொன்னார். அளவெடுத்து, பல்லை மாட்டி, கடித்துப் பார்க்கச் சொன்னார்கள். அன்று மத்தியானம் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு கேரட்டைக் கடித்தேன். நறுக்கென்று சத்தம் வந்தது. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் இடது பக்கத்தில் வந்த சத்தம். சரோஜாவிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பிவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. மீதிக் கேரட்டையும் தின்று முடித்தேன்.

லூயி ஐயாவுக்கு இருதய டாக்டரிடமிருந்து சம்மதம் வர நாளாயிற்று. போன வாரம்தான் தேதி கிடைத்தது. அமாவாசை இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன். சலவைச் சட்டை போட்டு, செருப்பைத் துடைத்து, அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். ஃபிளாஸ்கில் ஐஸ்கட்டி கொண்டுபோயிருந்தேன், மீன் வாசனை இல்லாதது. அவர் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "போன்ழூர்" என்று வணக்கம் சொன்ன குரலில் ராணுவம் எதுவும் இல்லை. உள்ளே போகும்போது ஷூவைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

கவுண்டர்ப் பெண் கூப்பிட்டது.

"லூயி ஐயா கூட யாரு வந்திருக்காங்க?"

"நான்."

"நம்பர் சொல்லுங்க ஐயா." என் நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டது. "தப்பா நெனைச்சுக்காதீங்க, ஒரு ரிங்கு குடுத்துப் பாத்துடறேன்."

என் சட்டைப் பையில் போன் அடித்தது. அந்தப் பெண் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் நின்றது. ஆனாலும் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஹலோ, லூயி ஐயாவோட அட்டெண்டருங்களா?"

"ஆமாம்மா. இங்கதான் இருக்கேன்" என்றேன்.